சலாத்துக்குப் பதில்

மகள் முஸ்பிறா அழுதழுது சொல்லி முடித்தபோது நுஸ்ரத்துக்கு அடிக்கத்தான் கை வந்தது. ஓங்கிய கை அப்படியே நின்றுவிட்டது. இந்தப் பிழை தன் அடுப்படியில்தான் தொடங்கியது என்று அவளுக்குத் தெரியும்.

நோன்புக்கு முந்தி ஒருநாள் அவள் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். பிள்ளை போனைக் கொண்டுவந்து காட்டினாள். கஃபா படம் போட்ட ‘உம்மு ஸாலிஹா’ என்ற பொம்பிளைப் பெயரில் ஒரு சலாம் வந்திருந்தது.

“தெரியாத ஆள் உம்மா. பதில் போடட்டா?”

“சலாத்துக்குப் பதில் சொல்லாம இரிக்கிறயா? கடமை புள்ள அது! இதையும் நான் சொல்லித்தரணுமா?”

பதினொரு வயதுப் பிள்ளை, உம்மா ஏசியதும் பதில் போட்டாள். ரோட்டில் அறியாத ஆம்பிளை எவனாவது பிள்ளையிடம் கதை கொடுத்திருந்தால் நுஸ்ரத் மீன் கத்தியோடு வாசலுக்கு ஓடியிருப்பாள். போனுக்குள் வந்தவனுக்கு அவளே கதவைத் திறந்துவிட்டாள். பெரிய மார்க்கக்காரி!

அதற்குப் பிறகு ‘உம்மு ஸாலிஹா’ ஓதல் கேட்டது, பாடம் விசாரித்தது, நாங்க பொம்பிளையள்தானே என்று முக்காடு இல்லாத போட்டோ ஒன்று கேட்டது. முஸ்பிறா அனுப்பினாள். நேற்று வொய்ஸ் வந்தது. ஆம்பிளைக் குரல். இன்னும் படம் வேணுமாம், இல்லாவிட்டால் இதைக் கட்டாரில் இருக்கிற வாப்பாவுக்கு அனுப்புவானாம்.

ஓங்கிய கையை நுஸ்ரத் இறக்கினாள். “உன்னில ஒரு பிழையும் இல்ல மகள். எல்லாம் என்னிலதான்” என்று பிள்ளையை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். சொன்னால் பாரம் குறையும் என்று நினைத்தாள், குறையவில்லை. அடுத்து வந்த புத்தி அதைவிடக் கேவலம். எல்லாவற்றையும் அழித்துவிட்டு வாயை மூடிக்கொண்டால் என்ன? இந்த மருதமுனையில் வாய் திறந்தால் பஸ்ஸுக்கு முந்திக் கதை கல்முனைக்குப் போய்விடும்.

அழிக்கப் போனாள்.

“உம்மா, பக்கத்து ஊட்டு ஸுஹைறாக்கும் அந்த ஆள் சலாம் சொல்லச் சொன்ன. நான் எத்தி வெச்சன். நம்பரும் குடுத்தன்.”

ஒருவர் சொல்லிவிட்ட சலாத்தை உரியவரிடம் எத்தி வைப்பது அமானிதம், நம்பி ஒப்படைத்த பொறுப்பு என்று பிள்ளைக்குப் படிப்பித்தவளும் நுஸ்ரத்தான். அவள் எதையும் அழிக்கவில்லை. போனை அப்படியே கையில் பிடித்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடினாள்.

ஸுஹைறாவின் உம்மா றபீக்கா வளவில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றாள்.

“என்னகா, முகமெல்லாம் ஒரு மாதிரி? புள்ளையத் தேடியா வந்த? அவ உள்ள கதவச் சாத்திப்போட்டு போன்ல இரிக்கா. புதுக் கூட்டாளி ஒண்டாம், நல்ல மார்க்கம் தெரிஞ்ச பொம்பிளையாம்.”

சொல்லும்போதே றபீக்காவின் முகத்தில் அவ்வளவு பெருமை. உள்ளே ஸுஹைறா சிரிக்கிற சத்தம் கேட்டது.

“றபீக்கா, முதல்ல போய் அந்தப் போன வாங்கு” என்றாள் நுஸ்ரத். “பொறகு பொலிசுக்குப் போவம். அதுக்கும் பொறகு என்னய ஏசு. ஆசை தீர ஏசு.”