ஆமைகள் வீடு கேட்டன

திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்கு ஆமைகள் தாலுகா அலுவலகத்துக்கு வந்தன. வரிசையில் எனக்கு முன்னால் ஒரு பென்ஷன்காரர் நின்றார். எனக்குப் பின்னால், முட்டையிடக் கடலிலிருந்து கரையேறும் பங்குனி ஆமைகள் அறுநூறு நின்றன. யாரும் முண்டியடிக்கவில்லை.

என் பெயர் சலேத்மேரி. எங்கள் குப்பத்துக் கடற்கரையில் ஆமை முட்டைகளுக்குக் காவல் இருப்பவள். கரையெங்கும் தேடி எடுத்த முட்டைகளை வேலி கட்டிய மணலில் நாற்பத்தொரு குழிகளாகப் புதைத்து வைத்திருந்தேன். இன்னும் நான்கு நாளில் பொரிந்திருக்கும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் விடுதிக்காரர் தயாபரன் விருந்தினர்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு, வேலியைச் சாய்த்து அந்தக் குழிகளின் மேல் ஓட்டினார். நான் கத்தினேன். அவர் கையசைத்துவிட்டுப் போனார். அவர் மேல் நடவடிக்கை கேட்டு மனு எழுதிக்கொண்டு வந்திருந்தேன்.

குமாஸ்தா வேதநாயகி என் மனுவைத் திருப்பித் தந்தார்.

“முட்டைங்க இருந்துச்சுன்னு சான்றிதழ் வேணும்.”

“நசுங்கிப் போச்சுங்க.”

“அப்ப இல்லாததுக்கு எதுக்கு மனு? இருப்புச் சான்றிதழ் பன்னிரண்டாம் ரூம்ல தருவாங்க.”

நடந்தேன். அலுவலகத் தாழ்வாரம் நீண்டுகொண்டே போனது. பத்தாம் அறைக்குப் பிறகு மறுபடி ஒன்பதாம் அறை வந்தது. அங்கே வரிசையின் முதல் ஆமை என் பக்கத்தில் நின்றது.

“ஜீப் ஓட்டின ஆளு வீடு எங்க?” என்றது.

நான் ஒரு கணமும் யோசிக்கவில்லை.

“கோயிலுக்குப் பின்னாடி, பச்சை கேட்டு. வாங்க, நானே கூட்டிட்டுப் போறேன்.”

எங்களுக்கு முன்னால் தார்ச்சாலை மணலாகிக்கொண்டே வந்தது. ஒரு பேருந்து ஓரம் கட்டியது. நடத்துநர் எட்டிப் பார்த்தார்.

“எத்தனை பேரு?”

“என்னோட சேத்து அறுநூத்தி ஒண்ணு.”

“அப்ப நடந்தே போயிடுங்க.”

தயாபரன் மதியச் சாப்பாட்டில் இருந்தார். தட்டில் வறுத்த வஞ்சிரம். அவர் வீட்டுக் கூடத்தில் தரைக்குப் பதிலாக இடுப்பளவு மணல் இருந்தது. ஆமைகள் நுழைந்து, துடுப்புகளால் தோண்டத் தொடங்கின.

“ஏம்மா, என்ன இது?”

“குழி தோண்டுறாங்க சார்.”

“வெளிய துரத்து.”

“தொடக் கூடாது சார். சட்டம்.”

அவர் போலீஸுக்குப் போன் செய்தார். வேதநாயகி வந்தார். மேசையையும் கூடவே கொண்டுவந்திருந்தார்.

“நீங்க இருக்கீங்கன்னு சான்றிதழ் எங்க?”

“இதோ இருக்கேனே!”

“எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. பன்னிரண்டாம் ரூம்.”

தயாபரன் தன் வீட்டுத் தாழ்வாரத்துக்குள் ஓடினார். அதே குளியலறையை மூன்று முறை தாண்டினார். திரும்பி வந்தபோது உடம்பு ஆமை முட்டைபோல வெளுத்து, தோல் மெத்தென்று ஆகியிருந்தது. கால்கள் தாமாக மடங்கின. பெரிய குழி ஒன்றில் இறங்கி உட்கார்ந்தார். அது அவர் அளவுக்குச் சரியாக இருந்தது.

வேதநாயகி அவர் பக்கத்து மணலில் வெப்பமானியைச் செருகிப் பார்த்தார்.

“முப்பத்திரெண்டு டிகிரி. இந்தச் சூட்டு மணல்ல பொண்ணாத்தான் பொரிவீங்க.”

“பொரிஞ்சு?”

“கடலுக்குப் போவீங்க. பதினஞ்சு வருஷம் கழிச்சு முட்டை போடத் திரும்பி வருவீங்க.”

“எங்க?”

“இதே கரைக்குத்தான்,” என்றேன் நான்.

அவர் முகம் அப்போதுதான் மாறியது. அதைப் பார்க்க எனக்கு நன்றாக இருந்தது.

“மேரி,” என்றார். என் பெயர் அவருக்குத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. “ஜீப் சாவி டேபிள் மேல இருக்கு. எடுத்துக் கடல்ல போட்டுடும்மா.”

“கடல்ல குப்பை போடக் கூடாது சார்.”

மண்டியிட்டு மணலைத் தள்ளினேன். மார்பு மறைந்தது. பிறகு கழுத்து. அவர் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு சொல்லவில்லை. கை வலித்தது. நிறுத்தத் தோன்றவில்லை. முழுக்க மூடியதும், ஆமை தன் வயிற்று ஓட்டால் செய்வதுபோல, முழங்கைகளால் மாறி மாறித் தட்டி மணலை இறுக்கினேன்.

வேதநாயகி புதைத்த தேதி கேட்டார். சொன்னேன். குறித்துக்கொண்டார்.

அறுநூறு ஆமைகளும் தலையைத் தூக்கிப் பார்த்தன.

“இன்னும் கொஞ்சம் தட்டு,” என்றது முதல் ஆமை.

தட்டினேன்.