சாமி போட்ட மாஸ்க்

எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. அப்படிப்பட்டவளுக்குக் கார்த்திகை மாதம் ஒரு தண்டனை. வீட்டுக்காரர் கணேஷ்ராம் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார். மாலை போட்டவரைப் பெண்டாட்டி உட்பட எல்லாரும் ‘சாமி’ என்றுதான் கூப்பிட வேண்டும். சாமியை எப்படி ஏசுவது? நான் ஏசினேன். “சாமி, உங்களுக்குக் கொஞ்சமாவது அறிவு இருக்கா?” என்று மரியாதையாகவே ஏசினேன்.

அவர் மாலை போட்டதே என் வேண்டுதலால்தான். அம்பாசமுத்திரத்தில் எங்களுக்குக் கடைசல் பட்டறை. கட்டில் கால், மாடிப்படித் தூண், பிள்ளைகளுக்குச் சொப்புச் சாமான் என்று மெஷினில் மரத்தைச் சுற்றவிட்டு உளி பிடித்துக் கடைவார். பக்கத்தில் நின்றால் தூள் மாவு மாதிரி பறக்கும். போன வருஷ மழையில் ஒருநாள் அவருக்கு மூச்சு அடைத்துக்கொண்டது. ஆட்டோவில் என் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தார், உதடு நீலமாகிவிட்டது. “ஐயப்பா, இந்த மனுசனுக்கு மூச்சைக் கொடு, மாலை போட்டு உன் மலைக்கு அனுப்பி வைக்கேன்” என்று அந்த ஆட்டோவிலேயே நேர்ந்துகொண்டேன்.

பிழைத்தார். ஆனால் டாக்டர் கையை விரித்துச் சொல்லிவிட்டார், மரத்தூள் இன்னொரு தடவை இப்படி நெஞ்சை அடைத்தால் உயிருக்கே உத்தரவாதம் கிடையாது என்று. அன்றைக்கே திருநெல்வேலிக்குப் போய், மூக்கையும் வாயையும் மூடும் ரப்பர் மாஸ்க் இரண்டு வாங்கி வந்தேன். ஒன்று இவருக்கு, இன்னொன்று எங்களோடு வேலை பார்க்கும் ஜாபேஸ் அண்ணனுக்கு. கண்ணுக்கும் கன்னத்துக்கும் மரச்சில்லு தெறிக்காமல் இருக்க ஆளுக்கொரு பிளாஸ்டிக் முகக் கண்ணாடி.

வாங்கியது பெரிதில்லை, பார்த்துக்கொள்வதுதான் பெரிய பாடு. முதல் வாரத்திலேயே மாஸ்க்கை மெஷின் பக்கத்து ஆணியில் மாட்டி வைத்தார்கள். உள்பக்கம் பூராவும் தூள். மறுநாள் அதையே முகத்தில் வைத்து இழுப்பதற்கு மாஸ்க் எதற்கு? முறுக்கு போட்டு வைத்திருந்த சம்படம் இரண்டைக் காலி செய்து, வேலை முடிந்ததும் துடைத்து அதில் போட்டு மூடச் சொன்னேன். ஜாபேஸ் அண்ணன் முகக் கண்ணாடியைத் தின்னர் ஊற்றித் துடைத்து, அது பால் ஊற்றின மாதிரி மங்கிப்போனது. “அண்ணே, அது என்ன பழைய பெயிண்ட் டப்பாவா?” என்று கத்தினேன். அதற்குப் பிறகு கண்ணாடிகளை நானே சோப்புத் தண்ணீரில் அலசி, பழைய வேட்டித் துணியால் ஒற்றி எடுப்பேன். மாஸ்க்கில் ஃபில்டரைக் கழற்றிவிட்டு ரப்பரை மட்டும் கழுவி நிழலில் காய வைப்பேன். ஃபில்டரில் தண்ணீர் பட்டால் போச்சு. இழுக்கச் சிரமமாக இருந்தால் புதுசு மாற்ற வேண்டும். பச்சைப் பிள்ளையைக் கூட நான் இவ்வளவு பொத்திப் பொத்தி வளர்க்கவில்லை.

பலன் இருந்தது. வருஷம் முழுக்க இவர் இருமவில்லை. அந்தச் சந்தோஷத்தில்தான் வேண்டுதலை நிறைவேற்றக் கார்த்திகை முதல் தேதி மாலை போட்டார்.

மாலை போட்ட கொஞ்ச நாளில் இருமல் திரும்பி வந்தது. முதலில் சாயங்காலத்தில் மட்டும். பிறகு மாடியேறினால். பிறகு சும்மா உட்கார்ந்திருந்தாலே. மாஸ்க்கைக் கழற்றும்போது பக்கத்தில் போய்ப் பார்த்தேன். மூக்குக்குக் கீழே மஞ்சளாகத் தூள் படிந்திருந்தது.

“சாமி, நான் அங்கிட்டுப் போனதும் கழத்தி வச்சிட்டு வேலை பாக்கியளா?”

“ஐயப்பன் சத்தியமா கழத்தல, கோமு.”

ஜாபேஸ் அண்ணனைப் பார்த்தேன். “இல்ல மைனி, காலையில மாட்டினா சாப்பிடத்தான் கழத்துதாரு” என்றார். அவர் மூக்கு சுத்தமாக இருந்தது. அதே மாஸ்க், அதே தூள்.

ஃபில்டரை மாற்றினேன். பட்டையை இறுக்கினேன். மாஸ்க்கையே புதிதாக வாங்கினேன். இருமல் மட்டும் நிற்கவில்லை. ஒரு நாள் உளியைப் போட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். உதட்டைப் பார்த்தேன், இன்னும் நீலமாகவில்லை. பார்த்த கையோடு மாஸ்க்கைப் பையில் போட்டுக்கொண்டு திருநெல்வேலி பஸ் ஏறினேன்.

கடைக்காரர் மேசையில் மாஸ்க்கைப் பொத்தென்று வைத்தேன். “அண்ணாச்சி, உயிரைக் காப்பாத்தும்னு சொல்லித்தானே வித்திய? ஓட்டை மாஸ்க்கை வித்து ஆளைக் கொல்லுதியளே, நல்லாருக்கா இது?”

அவர் கோபப்படவில்லை. மாஸ்க்கைத் துடைத்து என் கையில் கொடுத்தார். “பைய மாட்டுங்க தாயி. ரெண்டு பக்க ஃபில்டரையும் உள்ளங்கையால மூடிட்டு மூச்சை இழுங்க.”

இழுத்தேன். ரப்பர் என் முகத்தோடு ஒட்டிக்கொண்டது. காற்று துளிகூட வரவில்லை.

“மாஸ்க்கு நல்லாத்தான் இருக்கு. போடுதவரு தாடி வச்சிருக்காரோ?”

“மாலை போட்டிருக்காரு.”

“அப்ப அதான். ரப்பர் தோல்ல ஒட்டணும்லா? ஊடால முடி இருந்தா அது வழியாத் தூளு உள்ள போயிரும். நீங்க எத்தன மாஸ்க்கு மாத்தினாலும் நிக்காது.”

தினமும் மழமழவென்று சவரம் செய்கிற மனுசன் அவர். எனக்கு இது தோன்றவே இல்லை. திரும்பி வரும்போது, எங்கள் ஊருக்கு முந்தின கல்லிடைக்குறிச்சி வரைக்கும் பஸ்ஸில் யாரை ஏசுவது என்றே தெரியவில்லை. மூச்சுக்காக நேர்ந்தேன். நேர்ந்ததால் தாடி வந்தது. தாடி வழியாகத் தூள் மூச்சுக்குள் போகிறது. என் கோபத்துக்கு ஒரு ஆள் வேண்டும், ஆள் கிடைக்கவில்லை.

வந்ததும் சொன்னேன். “தாடியை எடுத்துருங்க சாமி.”

அவர் மாலையைத் தொட்டுக்கொண்டார். “மலைக்குப் போயிட்டு வார வரைக்கும் முடியில கத்தி படக்கூடாது. தெரியாதா ஒனக்கு?”

“அப்ப அதுவரைக்கும் மெஷினைத் தொடாதிய.”

“பாளையங்கோட்டை சர்ச்சுல பீடத்துக்கு முன்னால வைக்கிற தடுப்புக் கிராதிக்குத் தூண் பூராவும் நம்மகிட்டதான் இருக்கு. கிறிஸ்துமஸுக்கு வேணும்னு அச்சாரம் வாங்கியாச்சு. ஜாபேஸுக்கு இழைக்கத் தெரியும், கடையத் தெரியாது. சும்மா இருன்னா எப்படி இருக்க?” சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது. அது அடங்கும் வரை நான் அவர் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன்.

எனக்கும் பயம்தான். நேர்த்திக்கடனில் குறை வைத்தால் சாமி குற்றம் என்று கேட்டு வளர்ந்தவள். தாடியை எடுத்து, அதனால் வழியில் ஏதாவது ஆகிவிட்டால்? எடுக்காமலேயே ஆகிவிட்டால்? இரண்டு பயத்தையும் தூக்கிப் பார்த்தேன். ஆட்டோவில் பார்த்த அந்த நீல உதடுதான் கனமாக இருந்தது.

விடியற்காலையில் அவர் ஆற்றுக்குக் குளிக்கக் கிளம்பியபோது சோப்பையும் சவரக் கத்தியையும் எடுத்துக்கொண்டு நானும் பின்னாலேயே போனேன். படித்துறையில் கூட்டம் இல்லை. மழைத் தண்ணீர் கலங்கலாக ஓடியது. மேற்கே மலைமேல் மேகம் கவிந்திருந்தது. மலைக்கு அந்தப் பக்கம்தானே அவன் இருக்கிறான்? அங்கே பார்த்துச் சத்தமாகவே பேசினேன்.

“ஐயப்பா, நேர்ந்தது நான். ஒங்கிட்ட நான் கேட்டது மூச்சு. தாடியா கேட்டேன்? இவரு நடந்து வருவாரு, இருமுடி சுமந்து வருவாரு, வெறுங்காலோட வருவாரு. மூச்சு இருந்தாத்தானே மலை ஏற முடியும்? ஒனக்கே தெரியாதா இது?”

பக்கத்துப் படியில் துணி துவைத்த இசக்கியம்மா கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். பார்க்கட்டும்.

அவர் இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி கேட்டார். “சாமி குத்தம் வந்துட்டா என்ன செய்ய, கோமு?”

“வந்தா எனக்கு வரட்டும். எனக்கு நீங்க வேணும். அவ்வளவுதான்.”

அவர் படியேறி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, என் கையிலிருந்த கத்தியை வாங்கினார்.

“அதென்ன ஒனக்கு மட்டும்? வந்தா ரெண்டு பேருக்கும் வரட்டும், ஏட்டி.”

கன்னத்தில் சோப்பைத் தேய்த்து, “சாமியே சரணம் ஐயப்பா” என்று சொல்லி, முதல் இழுப்பை அவரே இழுத்தார். மீதியை நான் மழித்தேன். அன்றைக்கு மெஷின் மத்தியானம் வரை ஓடியது. நான் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து இருமல் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டே இருந்தேன். வரவில்லை.