ஆறாயிரத்து அறுநூற்றுப் பன்னிரண்டு படிகள்

விடுப்பு விண்ணப்பங்களைத் தவிர வேறெதையும் எழுதியறியாத நான், கதை என்ற பெயரில் இதைத் தங்கள் முன் வைக்கத் துணிந்தமைக்கு முதலில் மன்னிப்புக் கோருகிறேன். நடையில் பிழையிருந்தால் பொறுத்தருள வேண்டும், நடந்ததில் பிழையில்லை. மருத்துவமனையின் இரண்டாம் மாடியிலிருந்த இரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு ஏறிச் செல்ல நாற்பத்திரண்டு படிகள் இருந்தன. அங்கே பதினோரு ஆண்டுகள் பணியாற்றிய மூத்த பரிசோதகருக்கு, அதே படிக்கட்டில் இறங்கி வர ஆறாயிரத்து அறுநூற்றுப் பன்னிரண்டு படிகள் இருந்தன.

வெளியே நின்று பார்ப்பவர்களுக்குக் கட்டடம் எப்போதும் போல இரண்டு மாடிகளோடுதான் நின்றது. உடன் இறங்குபவர்கள் முதல் திருப்பம்வரை அவரோடு பேசிக்கொண்டு வருவார்கள். அடுத்த திருப்பத்தில் அவர்கள் தரைக்கு வந்துவிடுவார்கள், அவர் வரமாட்டார். ஒரு மணி ஐம்பது நிமிடங்கள் கழித்து, கைப்பிடியைப் பற்றியபடி, வலது முழங்காலைச் சற்றே இழுத்து இழுத்து வந்து சேர்வார். இதில் வியப்பதற்கு ஏதுமில்லை என்று அங்கிருந்த அனைவரும் கருதினார்கள். சிலருக்குப் பணியில் தலைமுடி நரைக்கிறது, சிலருக்குக் கண் மங்குகிறது. இவருக்குப் படிகள் கூடின, அவ்வளவே.

படிகள் கூடிய விதத்தை விளக்குவதற்குக் கூடத்தின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். அங்கே ஆறு பேருக்கு இடமிருந்தது. சுவரில் ஆறு ஆணிகள், ஆறு வெள்ளை அங்கிகள். ஆண்டுகள் செல்லச் செல்ல ஒருவர் ஓய்வு பெற்றார், இருவர் மாற்றலாகிப் போனார்கள், ஒருவர் மதிய உணவுக்குச் சென்றவர் திரும்பவேயில்லை. எஞ்சியவர்கள் மூத்த பரிசோதகரும் கண்காணிப்பாளரும் மட்டுமே. ஆணியில் தொங்கிய நான்கு அங்கிகளையும் கண்காணிப்பாளர் மாதம் ஒருமுறை துவைக்கப் போட்டு, மீண்டும் அதே ஆணிகளில் மாட்டினார். எவரேனும் வரும்போது அவை அழுக்காக இருக்கலாகாது என்பது அவர் எண்ணம். பரிசோதனைக்கு வரும் இரத்தக் குப்பிகளோ குறையவில்லை. முன்பு நாளொன்றுக்கு நூறு வந்த இடத்தில் முந்நூறு வந்தன. ஒருமுறை கூடுதல் நேரத்தை முறையாக எழுதித் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பியபோது, "பணிகள் யாவும் பணி நேரத்துக்குள் முடிக்கப்பட வேண்டும்" என்ற ஒற்றை வரியோடு தாள் திரும்பி வந்தது. அன்றிலிருந்து கண்காணிப்பாளர் மாலை நான்கு ஐம்பத்தைந்துக்கு வருகைப் பதிவேட்டை மேசைக்கே கொண்டுவருவார். நூலில் கட்டிய பேனாவால் இருவரும் 'வெளியேறிய நேரம்' என்ற கட்டத்தில் ஐந்து என்று எழுதிக் கையெழுத்திடுவார்கள். பதிவேட்டை மூடிய பிறகு அவர், "சரி, இப்ப வேலையப் பாப்போம்" என்பார். யாருக்கும் தொல்லை தரக்கூடாது என்ற நல்லெண்ணத்தில்தான் அவ்வாறு செய்தார்கள். ஆனால் எங்கும் எழுதப்படாத மணிக்கும் எங்காவது இருக்க ஓர் இடம் வேண்டுமல்லவா? அவை படிக்கட்டில் போய் அமர்ந்தன, மணிக்கு ஒரு படியாக.

கண்காணிப்பாளருக்கு இருபத்தாறு ஆண்டுகள். அவர் இறங்க வேண்டிய படிகள் முப்பதாயிரத்தைத் தாண்டியிருந்தன. சில காலம் ஞாயிற்றுக்கிழமைகளில் இறங்கிப் பார்த்தார். இறங்கி முடித்தபோது ஞாயிறும் முடிந்திருந்தது. முழங்கால்கள் ஒத்துழைக்க மறுத்த பின்னர், இரண்டாண்டுகளாக அவர் கீழே வரவேயில்லை. குப்பிகளைக் கழுவும் தொட்டிக்குப் பின்னால் ஒரு மடக்குக் கட்டிலைப் போட்டுக்கொண்டார். இரத்தக் குப்பிகளைக் கீழிருந்து மேலே அனுப்பப் படிக்கட்டின் அடியில் ஒரு கயிற்றுப் பெட்டி இருந்தது. அவருடைய மனைவி தினமும் மாலையில் வந்து அதில் தேய்த்த சட்டையையும் சாப்பாட்டுப் பாத்திரத்தையும் வைத்துக் கயிற்றை இழுப்பார். அழுக்குச் சட்டை இறங்கி வரும். சட்டைப் பையில் சில நாள் ஒரு துண்டுச் சீட்டு இருக்கும். சில நாள் இராது. கண்காணிப்பாளரும் தினமும் ஐந்து என்றே எழுதிக் கையெழுத்திட்டார்.

மூத்த பரிசோதகரின் மகள் எண்ணக் கற்றுக்கொண்டதே இந்தப் படிகளால்தான். அம்மா வீடு வந்து சேரும்போது அவள் உறங்கியிருப்பாள், ஆகவே காலையில் பல் துலக்கும்போது, "நேத்து எத்தனை?" என்று கேட்டு, நாட்காட்டியில் எழுதி வைப்பாள். தினமும் இரண்டு கூடும், சில நாள் மூன்று. அவளுக்கு ஒன்பது வயதானபோது பள்ளியில் பெரிய எண்களைப் பெருக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். கற்றதை வீணாக்காத பிள்ளையாதலால், மறுநாள் காலை அவள் ஒரு தாளில் கணக்குப் போட்டுவிட்டு, நுரை வழியும் வாயோடு, "அம்மா, அந்த சார் மாதிரி நீயும் மேலயே தங்கிடுவியா? அப்ப உன் சட்டைய நான்தான் கொண்டு வரணுமா?" என்று கேட்டாள். பேருந்து ஓட்டுநரான அவள் தந்தை, "என் பஸ்ஸ எட்டு மணி நேரத்துக்கு மேல தொட்டா லைசென்ஸையே புடுங்கிடுவாங்க. உங்க அம்மாவுக்குத்தான் பிரேக்கே வெக்காம விட்டுட்டாங்க" என்றார். மூத்த பரிசோதகர் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஆயினும் அந்தச் சட்டை அன்று முழுவதும் அவர் கண்முன் கயிற்றில் ஏறிக்கொண்டிருந்தது.

அதே நாளில் ஒரு தவறு நேர்ந்தது. கண்காணிப்பாளருக்குப் பல்வலி, நான்கு ஐம்பத்தைந்துக்குப் பதிவேட்டைக் கொண்டுவர மறந்துவிட்டார். மூத்த பரிசோதகர் கடைசிக் கண்ணாடித் தகட்டையும் துடைத்து வைத்துவிட்டு, கிளம்பும்போது நினைவு வந்து, பதிவேட்டைத் தாமே திறந்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, கை போன போக்கில் ஏழு பத்து என்று எழுதிவிட்டார். மறுநாள் காலையில் எண்ணைச் சொன்னபோது மகள் நாட்காட்டியை இருமுறை பார்த்தாள். "நேத்து சொன்ன அதே நம்பர்தாம்மா. நீ சரியா எண்ணலை."

"எண்ணினேன்டீ."

"அப்ப ஏன் ஏறலை?"

மூத்த பரிசோதகர் தலை வாருவதை நிறுத்திவிட்டு, நாட்காட்டியருகே வந்து இரண்டு எண்களையும் பார்த்தார். பதினோரு ஆண்டுகளில் மாறியது பதிவேட்டின் அந்த ஒரு கட்டம் மட்டுமே என்பது அவருக்கு விளங்கியது. அன்று பேருந்து நிறுத்தம்வரை அவர் நடந்த நடையில் முழங்கால் வலி தெரியவில்லை என்று அக்கம்பக்கத்தார் கூறுகிறார்கள்.

மாலை நான்கு ஐம்பத்தைந்துக்குப் பதிவேடு வந்தது. அவர் பேனாவைத் தொடவில்லை.

"வேலைய முடிச்சுட்டுப் போடறேன் சார்."

"அப்படிப் போட்டா ஏழுன்னுல்லம்மா வரும்? நேத்தே பாத்தேன், பகீர்னு ஆயிடுச்சு."

"ஏழுக்குப் போனா ஏழுன்னுதான் சார் வரும்."

"ஹெட் ஆபீஸ்ல கேப்பாங்க."

"கேக்கட்டும். ஆறு கோட்டு தொங்குது, ரெண்டு ஆளுதான் இருக்கோம்னு சொல்றேன்."

கண்காணிப்பாளர் கதவைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். "வம்பு வேணாம்மா. பேசாம அஞ்சுன்னே போட்டுருங்க."

"சரி சார்" என்று அவர் ஐந்து என எழுதிக் கையெழுத்திட்டு, அங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "அஞ்சுன்னு போட்டா அஞ்சுக்குக் கெளம்பிருவேன். அவசரச் சீட்டு வந்தா உக்காந்து முடிச்சுக் குடுக்கறேன், ஆனா அந்த நேரத்தை எழுதுவேன். மத்ததெல்லாம் நாளைக்குக் காலையில முதல் வேலை. ஃப்ரிட்ஜுல அடுக்கி வெச்சிருக்கேன்."

"ஒரே ஒரு ரேக்குதாம்மா..." என்றார் அவர். பதினோரு ஆண்டுகளாக, குப்பிகள் அடுக்கிய அந்த ஒரே ஒரு ரேக்தான் எஞ்சியிருந்தது.

இவ்விடத்தில் அந்தப் படிக்கட்டின் இன்னொரு குணத்தைக் குறிப்பிடாமல் விட்டால் வாசகர்கள் என்னைக் குறை கூறக்கூடும். இறங்குவது எத்தனை படிகளானாலும், எந்தப் படியில் நின்று திரும்பினாலும், கூடத்துக்குத் திரும்பிச் செல்ல நாற்பத்திரண்டு படிகள்தாம். வீடு எப்போதும் தொலைவில் இருந்தது; வேலை எப்போதும் ஒரு நிமிடத் தூரத்தில் இருந்தது. நாலாயிரத்துச் சொச்சமாவது படியில் அவர் நின்றபோது மேலே தொலைபேசி ஒலித்தது. கண்காணிப்பாளரின் குரல் தெளிவாகக் கேட்டது: "இல்லீங்க டாக்டர், அவசரம் ஒண்ணும் இல்லேல்ல? காலையில தர்றோம்... அவங்க கெளம்பிட்டாங்க... ஆமா, அஞ்சுக்கே." மூத்த பரிசோதகர் ஒரு காலை மேற்படியில் வைத்தார். பிறகு அதை எடுத்துக் கீழ்ப்படியில் வைத்தார். அன்று ஆறு ஐம்பதுக்குத் தரையை அடைந்தார். வீட்டில் மகள் விழித்திருந்தாள். அம்மாவை விளக்கு வெளிச்சத்தில் பார்த்துப் பழக்கமில்லாததால் சற்றே கூச்சத்துடன், "சாப்பிட்டீங்களா?" என்று விருந்தாளியைக் கேட்பது போலக் கேட்டாள்.

முதல் நாள் நாற்பத்து மூன்று குப்பிகள் தங்கின. இரண்டாம் நாள் எண்பது. கீழ்த்தளச் செவிலியர்கள் அவருக்கு 'அஞ்சு மணி அக்கா' என்று பெயர் வைத்தார்கள். "அக்கா, மணி நாலு அம்பது ஆச்சு, செருப்ப மாட்டலையா?" என்று ஒருத்தி கேட்டபோது, "மாட்டிட்டேன். நீ உன்னுத எப்ப மாட்டப்போறே?" என்று அவர் திருப்பிக் கேட்டார். அந்தச் செவிலி அன்று மாலை தன் படிக்கட்டில் எண்ணிக்கொண்டே இறங்கியதாகத் தெரிகிறது. அந்நாட்களில் அவசரச் சீட்டு நான்கு முறை வந்தது. நான்கு முறையும் அவர் அமர்ந்து முடித்து, ஆறு இருபது, ஐந்து நாற்பது என்று உள்ளதை உள்ளபடி எழுதினார். ஒரு படியும் கூடவில்லை.

எஞ்சிய குப்பிகளை ஒன்பது நாட்கள் கண்காணிப்பாளர் தனியாகச் செய்து பார்த்தார். பத்தாம் நாள் பதிவேட்டைத் திறந்து, ஐந்து என்று எழுதப் பேனாவை எடுத்தவர், எழுதாமல் வைத்துவிட்டார். தாம் வெளியேறவில்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்ததோ என்னவோ. அன்றிலிருந்து தம் பெயருக்கு நேரான கட்டத்தை வெறுமையாகவே விட்டார். மாத இறுதியில், பணிக்கு வந்து பணியிலிருந்து போகாத ஓர் ஊழியரை எந்தத் தலைப்பில் சேர்ப்பது என்று தெரியாமல் தலைமை அலுவலகம் திகைத்து, ஓர் ஆய்வாளரை அனுப்பியது.

ஆய்வாளர் இளைஞர், கண்டிப்பானவர். ஆணிகளை எண்ணினார், ஆட்களை எண்ணினார், பதிவேட்டைப் புரட்டினார், படிகள் கூடிய விவரத்தைக் கேட்டுவிட்டு எல்லாம் கட்டுக்கதை என்றார். மூத்த பரிசோதகர் மரியாதையுடன், "என்கூட இறங்கிப் பாருங்க சார்" என்றார். இருவரும் சேர்ந்துதான் இறங்கினார்கள். ஒரு நிமிடத்தில் ஆய்வாளர் தனியாகக் கீழே நின்றார். கயிற்றுப் பெட்டியருகே சட்டையுடன் நின்றிருந்த கண்காணிப்பாளரின் மனைவி ஒரு நாற்காலியை நகர்த்திப் போட்டு, "உக்காருங்க தம்பி. அவங்க வர இன்னும் ஒண்ணே முக்கால் மணி நேரம் ஆகும். எங்க வீட்டுக்காரர்னா நாளைக்குத்தான்" என்றார். ஆய்வாளர் உட்கார்ந்தார். காத்திருந்த நேரத்தில் தம் அறிக்கையை எழுதினார். காத்திருந்த அந்த நேரத்தையும் அதில் எழுதிவிட்டார், முன்னெச்சரிக்கையாக இருந்திருக்கலாம்.

அறிக்கையின் பயனாக முதலில் பொறியாளர்கள் வந்து படிகளை அளந்து, நாற்பத்திரண்டு என உறுதி செய்து, கைப்பிடிக்கு வண்ணம் அடித்துச் சென்றார்கள். ஏழு மாதங்களுக்குப் பின் இருவரும், அதன்பின் மற்றொருவரும் பணியில் சேர்ந்தனர். ஆணியிலிருந்த அங்கிகள் சலவை மணத்துடன் அவர்களுக்குச் சரியாகப் பொருந்தின. மூத்த பரிசோதகர் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான்: பதிவேட்டில் கையெழுத்து, படிக்கட்டுக்கு முந்தைய கடைசி வேலை.

இரண்டாண்டுகளில் கண்காணிப்பாளர் ஓய்வு பெற்றார். ஒரு சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, போர்வையும் இரண்டு வேளைச் சாப்பாடும் எடுத்துக்கொண்டு இறங்கத் தொடங்கினார். திருப்பங்களில் படுத்து எழுந்து, ஞாயிறு மாலை நான்கு மணிக்குத் தரையை அடைந்தார். மனைவி அதே நாற்காலியில் அமர்ந்திருந்தார்.

"வந்துட்டீங்களா?"

"கொஞ்சம் லேட்டாயிடுச்சு."

"பரவால்ல, வாங்க" என்று அவர் போர்வையை வாங்கிக்கொண்டார்.

மூத்த பரிசோதகரின் படிகள் குறையவில்லை. குறையும் என்று எவரும் அவருக்கு வாக்களிக்கவுமில்லை. மூவாயிரமாவது படியில் ஒரு சிறு மெத்தையை விரித்து வைத்திருக்கிறார். அங்கே அமர்ந்து தேநீர் அருந்துவார். கடைசித் திருப்பத்தில் மகளின் குரல் கேட்கும். அவள் கீழ்ப்படியில் அமர்ந்து வீட்டுப்பாடம் செய்தபடி, "எவ்வளவு தூரத்துல இருக்கேம்மா?" என்று கத்துவாள், அவர் எண்ணைச் சொல்லுவார்.

இழந்தவற்றைச் சொல்லி முடிக்கிறேன். மூத்த பரிசோதகர் இழந்தது ஆறாயிரத்து ஐந்நூற்று எழுபது மணி நேரம். அதாவது இருநூற்று எழுபத்து மூன்று நாட்களும் பதினெட்டு மணியும். அவற்றோடு பதினான்கு இணைச் செருப்புகள், வலது முழங்கால், மகள் முதன்முதலில் தானாகவே ஒரு பக்கத்தை வாசித்த மாலை, அவளுக்கு விழுந்த முதல் பல். கண்காணிப்பாளர் இழந்தது முப்பதாயிரத்து எழுபத்தாறு மணி நேரம், இரண்டு முழங்கால்கள், நான்காண்டுகளுக்கும் மேல் வீட்டுச் சோற்றின் சூடு. அவர் மனைவி இழந்ததை எண்ணிச் சொல்லுமாறு கேட்டேன். அவர் சொல்ல மறுத்துவிட்டார். புதிதாக வந்த மூவர் இழந்தது ஏதுமில்லை. அவர்களுக்கு ஏற நாற்பத்திரண்டு, இறங்கவும் நாற்பத்திரண்டு.