கோட்டுப் பையில் இருந்தது

லாண்டரிக்காரியின் விரல் படாமல் எந்தப் பையும் மிஷினுக்குள் போனதில்லை. சாவி, பஸ் டிக்கெட், ஒருமுறை ஒரு பல்செட்டே கிடைத்தது. எது வந்தாலும் கடையில் ஒரே சட்டம்: பையில் இருப்பது துணிக்காரருக்குச் சொந்தம். பதினெட்டு வருஷமாக அந்தச் சட்டம் அவள் காலை வாரியதில்லை.

அன்று ஒரு ஸ்கூல் கோட்டுக்குள் கையை விட்டவள், பேனா என்று நினைத்துத்தான் வெளியே எடுத்தாள். பேட்டரியில் ஊதுகிற சிகரெட்! டோக்கனைப் பார்த்தாள். மகளின் உயிர்த்தோழி கொக்குவின் கோட்டு. பதினைந்து வயதிலேயே ஐந்தே முக்கால் அடி வளர்ந்துவிட்டதால் அந்தப் பெண்ணுக்கு அந்தப் பெயர்.

சாயங்காலம் மகள் செருப்பைக் கழற்றுவதற்குள் பிடித்துக்கொண்டாள்.

"இனிமே அந்தக் கொக்கோட உன்னைப் பார்த்தேன், காலை ஒடிச்சுடுவேன்."

"அம்மா, அது வந்து..."

"வாயைத் திறக்காதே! கையும் களவுமா மாட்டியிருக்கு."

மகள் திறக்கவில்லை. அடுத்த மூன்று வாரம் வீட்டில் எதற்குமே திறக்கவில்லை.

இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த கணவர், "அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றார்.

"நீங்க கேளுங்களேன். இவ உங்களுக்கும் பொண்ணுதானே?"

அவர் அவசரமாக ஒரு காலரைத் தேய்க்க ஆரம்பித்தார். வீட்டில் சண்டை என்றால் அவருக்கு எப்போதும் ஒரு காலர் பாக்கி இருக்கும்.

நான்காவது வாரம், அதுவரை யாரும் கேட்டு வராத கோட்டை வாங்கக் கொக்கே வந்து நின்றாள். லாண்டரிக்காரி அந்த ஊதுகுழலை மேஜையில் டக்கென்று வைத்தாள்.

"இந்தா, உன் சொத்து. என் பொண்ணைக் குட்டிச்சுவராக்கத்தானே பார்த்தே?"

"அது என்னுது இல்ல ஆன்ட்டி."

"உன் கோட்டு, உன் பை. காக்கா கொண்டுவந்து வச்சுதா?"

"உங்க பொண்ணு கையிலேர்ந்து பிடுங்கினது. பிடுங்கி என் பையில போட்டுக்கிட்டேன். தூக்கி எறியறதுக்குள்ள எங்கம்மா கோட்டைத் தோய்க்கப் போட்டுட்டாங்க."

லாண்டரிக்காரி மேஜையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தாள்.

"எப்பலேர்ந்து இந்தக் கூத்து?"

"கணக்குல ஃபெயிலானதுலேர்ந்து. மைதானத்துக்குப் பின்னாடி ஒரு செட்டு இருக்கு. ஸ்கூல் விட்டதும் நான்தான் அவளைத் தரதரன்னு லைப்ரரிக்கு இழுத்துட்டுப் போவேன். திட்டிக்கிட்டே வருவா. ஆனா வருவா."

"இப்ப?"

"இப்ப நான் பக்கத்துல போனாலே, 'உன்கூடப் பேசக் கூடாதுன்னு எங்கம்மா சொல்லிட்டாங்க'ன்னு எழுந்து போயிடறா. நல்ல சாக்கா எடுத்துக் கொடுத்துட்டீங்க ஆன்ட்டி."

"இதை அன்னிக்கே சொல்லித் தொலைக்கறதுக்கு என்னடி?"

"வீட்டுக்கு வந்தேனே. முகத்துல அடிச்ச மாதிரி கதவைச் சாத்தினீங்க."

லாண்டரிக்காரிக்குத் தன்னையே நாலு அறை அறையலாம் போலிருந்தது. "நட!" என்றாள். கடையைக் கணவர் தலையில் கட்டிவிட்டுக் கிளம்பினாள்.

மைதானத்துச் சுவரை ஒட்டி நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் மகள். வாயில் புகை. லாண்டரிக்காரி மூச்சை இழுத்துக் கத்தப் போனபோது கொக்கு மணிக்கட்டைப் பிடித்தாள்.

"நீங்க அந்தப் பக்கம் போங்க ஆன்ட்டி. கத்தினீங்கன்னா அவங்களோடயே ஒட்டிக்குவா."

"பெத்தவடீ நான்!"

"அதனாலதான் சொல்றேன்."

பல்லைக் கடித்துக்கொண்டு தெருவின் எதிர்ப்பக்கம் போய் நின்றாள். கொக்கு போய்த் தோழியின் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். யாரும் பேசுகிற மாதிரி தெரியவில்லை. ஆனால் மகள் எழுந்தும் போகவில்லை.

போன் அடித்தது. கணவர்.

"கடையில மூணு பேர் நிக்கறாங்க. அங்க என்ன பண்ணிட்டிருக்கே?"

"கத்தாம நின்னுட்டிருக்கேன்."

"என்னது?"

"கடையைப் பூட்டிட்டு நீங்களும் வாங்க. என்னால தனியா முடியல."