வண்டி போகட்டும்

ஓட்டம் தொடங்க இன்னும் பதினெட்டு மணி நேரம் இருந்தது. நம்பர் கொடுக்கும் மண்டபத்தில் வரிசை வாசலைத் தாண்டிப் படிக்கட்டு வரை வந்துவிட்டது. அண்ணனுக்குப் பின்னால் அவள் நின்றாள். அவள் ஓடுகிறவள் இல்லை. கிளம்பும் பஸ்ஸைப் பார்த்தால்கூட, அடுத்ததில் போய்க்கொள்ளலாம் என்று நிற்கிறவள். நாளைக்கு அவளுக்குத் தன்னார்வலர் வேலை. முப்பத்தொன்றாவது கிலோமீட்டரில், ஆஸ்பத்திரி ரோடு சிக்னலில், அவசர வண்டி ஏதாவது குறுக்கே போக வேண்டி வந்தால் கயிறு பிடித்து ஓட்டக்காரர்களை நிறுத்த வேண்டும். அந்த இடம்தான் வேண்டும் என்று இரண்டு பேருக்குப் போன் செய்து கேட்டு வாங்கியிருந்தாள்.

"எதுக்கு அங்க போய் நிக்கிற? முடியிற எடத்துல நின்னா மெடல் குடுக்கலாம், போட்டோல வரலாம்" என்றான் அண்ணன்.

"எனக்குக் கூட்டம் ஆகாது."

"அங்க ஈ காக்கா இருக்காது. நீயும் கயிறும்தான் பேசிக்கணும்."

மேஜைக்குப் பின்னால் இருந்தவர் நம்பர் அச்சடித்த தாளையும் நான்கு ஊக்குகளையும் கொடுத்தார். அண்ணன் தாளைத் திருப்பிப் போட்டு, அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய எண் என்றிருந்த இடத்தில் மளமளவென்று எழுதினான். அவள் எட்டிப் பார்த்தாள். அப்பாவின் எண்.

"அண்ணா, அது..."

"பழக்கத்துல வந்துடுச்சு" என்றான். ஆனால் அதை அடித்துத் திருத்தவில்லை. தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

போன வருஷம் இதே ஓட்டம் நடந்த காலையில்தான் அப்பா போனார்.

மண்டபத்தின் மறுகோடியில் அண்ணனோடு பயிற்சிக்கு வரும் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். ஒருவர் பாங்க் காசாளர். பாதம் இரண்டையும் வெளிப்பக்கம் விரித்து ஓடுவதால் எல்லாருக்கும் அவர் வாத்து. இன்னொருவர் கணக்கு டீச்சர். அவர்கள் முன்னால் ஓர் இளம்பெண் மைக்கை நீட்டிக்கொண்டிருந்தாள். இந்த ஓட்டத்தில் என்ன பிடிக்கும், என்ன பிடிக்காது என்று ஓடுகிறவர்களிடம் கேட்டுப் படம் பிடிக்கிறார்களாம்.

"பிடிச்சதுன்னா, ரோடுதான்" என்றார் வாத்து. "வருஷம் பூரா ஓரமாப் போடான்னு ஹாரன் அடிக்கிற ரோடு. ஒரே ஒரு நாள் காலைல அது நம்ம ரோடு. நடுக்கோட்டு மேல ஓடுறப்ப எனக்கு மேனேஜர்னு ஒருத்தர் இருக்கிறதே மறந்துடும்."

"பிடிக்காதது?"

"முப்பதாவது கிலோமீட்டர்ல நின்னுக்கிட்டு, இன்னும் கொஞ்ச தூரம்தான்னு சொல்றாங்க பாருங்க, அவங்க. பன்னெண்டு கிலோமீட்டர் கொஞ்ச தூரமா? அவங்க வீட்டு வாசல்ல போய் நின்னு ஒரு நாள் நான் சொல்லணும்."

"எனக்குப் பிடிக்காதது கழிப்பறை வரிசை" என்றார் டீச்சர். "ஓட்டம் ஆரம்பிக்கிறதுக்குள்ள ஒரு மாரத்தான் நின்னே முடிச்சிடுறோம். பிடிச்சது, ரோட்டோரம் கைய நீட்டிட்டு நிக்கிற சின்னப் பசங்க. ஒரு தட்டு தட்டிட்டுப் போனா அதுங்களுக்கு அவ்வளவு சந்தோஷம். என் கிளாஸ்ல நான் கைய நீட்டினா எல்லாம் பெஞ்சுக்கு அடியில போயிடும்."

வாத்து அண்ணனை முன்னால் தள்ளினார். "இவரக் கேளுங்க. வருஷம் பூரா ஒரே புகார். எங்களுக்கெல்லாம் மனப்பாடம்."

அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டான். "ஆஸ்பத்திரி ரோடு சிக்னல். நல்ல வேகத்துல வந்துட்டிருக்கேன். ஒரு ஆம்புலன்சுக்காகக் கயித்தப் போட்டு நிறுத்திட்டாங்க. ஒரு நிமிஷம் நாப்பது செகண்டு. கால் ரெண்டும் கட்டையாயிடுச்சு. நான் லிஃப்ட் மெக்கானிக்குங்க. நின்னதை ஓட வைக்கிறவன். என்னையே நிறுத்திட்டாங்க."

"ஆம்புலன்ஸ்னா போக விடணும்ல?"

"போகட்டுமே. வேற வழியாப் போகட்டும்."

எல்லாரும் சிரித்தார்கள். அவள் தரையில் ஒட்டியிருந்த அம்புக்குறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஆம்புலன்சின் முன்சீட்டில் அவள்தான் இருந்தாள். பின்னால் அப்பா. ஒருவர்தான் கூட வரலாம் என்று சொல்லிவிட்டதால் அம்மா வீட்டு வாசலில் நின்றுவிட்டாள். சிக்னலில் ஒரு கல்லூரிப் பெண் கயிறு பிடித்திருந்தாள். கயிற்றுக்குப் பின்னால், நின்ற இடத்திலேயே கால் மாற்றிக் குதித்துக்கொண்டிருந்த கும்பலில், ஆரஞ்சுத் தொப்பியோடு அண்ணன். அவன் பொறுத்து நிற்கவில்லை. அந்தப் பெண்ணோடு ஏதோ வாதாடினான். வண்டி மெல்ல நகர ஆரம்பித்தபோது கயிற்றைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டு உள்ளே புகுந்தான். வண்டியின் மூக்கில் உள்ளங்கையால் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினான். அண்ணா என்று அவள் கத்தினாள். கண்ணாடி ஏற்றியிருந்தது, தலைக்கு மேல் சைரன் அலறிக்கொண்டிருந்தது. அவனுக்குப் பின்னால் மடை திறந்த மாதிரி கும்பல் முழுவதும் வந்தது. டிரைவர் ஸ்டியரிங்கில் நெற்றியை முட்டிக்கொண்டார்.

ஒரு நிமிஷம் நாற்பது விநாடி நின்றது அண்ணன் இல்லை. வண்டி.

அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். ரத்தம் போகாத இதயத் தசை எவ்வளவு நேரம் தாங்கும் என்று பாடத்தில் படித்திருக்கிறாள். அந்த நேரம் மிச்சமாகியிருந்தால் அப்பா பிழைத்திருப்பாரா என்று டாக்டரிடம் அவள் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும்.

அந்த வண்டியில் இருந்தது அப்பா என்று அண்ணனுக்குத் தெரிந்துவிடக் கூடாது. இந்த ஒரு வருஷமும் அவள் மூச்சுவிடாமல் காத்தது அதைத்தான். தெரிந்தால் அவன் உடைந்துபோவான். அவனுக்குத் தெரியாது என்பதற்கு அவளிடம் சான்றும் இருந்தது. அன்று காலை எட்டு மணி, வண்டி கிழக்கே பார்த்து நின்றது, எதிர்வெயில் முன்கண்ணாடியில் அடித்திருக்கும். அப்பா போன மூன்றாம் வாரம் அதே நேரத்துக்கு அந்தச் சிக்னலுக்குப் போனாள். வந்து நின்ற வண்டிகளை ஒவ்வொன்றாக எதிரிலிருந்து பார்த்தாள். கண்ணாடிகளில் வெள்ளை வெளிச்சமும் ஒரு கட்டடத்தின் நிழலும்தான் தெரிந்தன. ஒரு முகம்கூடத் தெரியவில்லை. அன்று வீட்டுக்கு வந்து அடித்துப்போட்ட மாதிரி தூங்கினாள்.

ஒன்று மட்டும் உறுத்தியது. ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் நீண்ட பயிற்சிக்குப் போகும்போது அவள் தண்ணீர் பாட்டிலோடு சைக்கிளில் பின்னால் போவாள். ரோடு வெறிச்சென்று இருக்கும். சிக்னல் பச்சையாக இருக்கும். அந்த இடம் வந்ததும் அண்ணன் நிற்பான். அவன் தலை இடமிருந்து வலமாக மெதுவாகத் திரும்பும், எதிரில் ஏதோ நிதானமாகக் கடந்து போகிற மாதிரி. முழுக்கத் திரும்பி முடிந்ததும் ஓட ஆரம்பிப்பான். "ஏன் நிக்கிற?" என்று முதல் தடவை கேட்டாள். "மூச்சு வாங்குது" என்றான். மூன்றாவது தடவை, தன் தலையும் கூடவே திரும்புவதை அவள் உணர்ந்தாள். அதற்குப் பிறகு அந்தச் சிக்னலில் சைக்கிளை விட்டு இறங்கி, ஹேண்டில்பாரைப் பார்த்தபடி தள்ளிக்கொண்டு போவாள்.

"சரி, பிடிச்சது ஒண்ணு சொல்லுங்க" என்று மைக் பெண் அண்ணனிடம் கேட்டாள்.

அண்ணன் யோசித்தான்.

"போன வருஷ வானிலைய சொல்லுங்களேன்" என்று டீச்சர் எடுத்துக் கொடுத்தார். "பத்து மணி வரைக்கும் சூரியன் எட்டியே பார்க்கல. மூட்டம்னா மூட்டம், அப்படி ஒரு மூட்டம். இன்னொரு தடவை அப்படி அமையாது."

"ஆமாமா. கூலிங் கிளாஸ் புதுசா வாங்கிட்டு வந்து, கடைசி வரைக்கும் அதை நெத்திலயே மாட்டிக்கிட்டு ஓடினேன்" என்றார் வாத்து. "போட்டோவுல எனக்கு நாலு கண்ணு."

அவள் இடைமறித்தாள். "வெயில் அடிக்கலயா?"

"எங்கம்மா வெயில் அடிச்சுது? நீ அன்னிக்கு எங்க வானத்தைப் பார்த்திருக்கப் போற" என்று சொன்ன டீச்சர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "ஐயோ, தப்பா எடுத்துக்காதம்மா."

அவள் தலையை ஆட்டினாள். அண்ணன் யாரையும் பார்க்கவில்லை. தன் வலது உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் போய்ப் பார்த்தது வெயில் நாளில். அந்தக் காலையின் வானம் அவளுக்கு ஞாபகமே இல்லை. எட்டு மணி என்றால் வெயில் என்று தானாக எழுதிக்கொண்டுவிட்டாள். பரிசோதனைக் கூடத்தில் யாராவது இப்படி ஒரு முடிவைக் கொண்டுவந்து நீட்டினால், அவளே திருப்பிக் கொடுத்திருப்பாள்.

வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் அண்ணன் ஜன்னலோரம் உட்கார்ந்தான். அவள் அன்றைய காலையை மறுபடி ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். ஓட்டம் முடிந்து, போனைப் பார்த்துவிட்டு, கழுத்தில் மெடலோடு ஆஸ்பத்திரிக்கு வந்தான். அப்பா காலடியில் நின்றான். அழுதான். எப்போது கிளம்பினீர்கள், எந்த வழியாக வந்தீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றும் கேட்கவில்லை, அதற்குப் பிறகும் கேட்கவில்லை. இதுவரை அதைத் தன் அதிர்ஷ்டம் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

சாயங்காலம் அண்ணன் நம்பர் குத்திய பனியனை நாற்காலி முதுகில் மாட்டி, அரைக்கால் சட்டையை இருக்கையில் வைத்து, கீழே காலணிகளைச் சேர்த்து வைத்தான். ஓட்டத்துக்கு முந்தின நாள் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று இப்படித்தான் பார்ப்பான்.

"எடுத்துடுடா அதை" என்றாள் அம்மா. "யாரோ வந்து உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கு."

"ஆளுதாம்மா. என்னவிட நல்லா ஓடுவான்."

அம்மா பனியனின் சுருக்கத்தை நீவிவிட்டாள். "ஓட்டத்தன்னிக்காப் பார்த்துப் போனாரு உங்கப்பா. நீ ஓடி முடிக்கிற வரைக்கும்கூட உன்னக் கூப்பிடல. யாருக்கும் குறுக்க நிக்காத மனுஷன்."

அண்ணன் எழுந்து பால்கனிக்குப் போனான். அவளும் பின்னால் போனாள்.

"நாளைக்கு அந்த சிக்னல்ல நிக்காதண்ணா. நேராப் போயிடு."

"நீ கயிறு போட்டா நின்னுதானே ஆகணும்?"

"போட மாட்டேன்."

"வண்டி வந்தா?"

கீழே ரோட்டில், காலைக்காகத் தடுப்புக் கம்பிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொன்று விழும்போதும் அவன் தோள் லேசாகத் தூக்கிப்போட்டது.

காலையில் வெயில் இருந்தது. கொடுத்த ஒளிர்சட்டை அவளுக்குத் தொளதொளவென்று முழங்காலைத் தொட்டது. கயிற்றைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு ஆறு மணியிலிருந்து நின்றாள். முதலில் வந்தவர்கள் காற்று மாதிரி போனார்கள். அவர்களுக்குப் பின்னால் கூட்டம் வர வர, வியர்வை நாற்றமும் காலணிகள் தேயும் ஓசையும் நிற்காமல் வந்தன. ஆஸ்பத்திரிப் பக்கம் வண்டி ஒன்றும் வரவில்லை. ஆனாலும் இரண்டு தடவை சைரன் கேட்டு அவள் கயிற்றைப் பிரித்தாள். இரண்டு தடவையும் பக்கத்தில் நின்ற போலீஸ்காரர், "என்னம்மா?" என்றார். அவர் காதில் எதுவும் விழவில்லை.

எட்டு மணிக்குச் சற்று முன்னால் ஆரஞ்சுத் தொப்பி தெரிந்தது.

அவள் கயிறு இருந்த கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். நேராகப் போய்விடு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள். அண்ணன் நல்ல வேகத்தில்தான் வந்தான். சிக்னல் கோட்டுக்கு வந்ததும், சுவிட்சை அணைத்த மாதிரி நின்றான்.

பின்னால் வந்தவர்கள் மோதாமல் விலகினார்கள். "ஓரமா நில்லுங்க சார்" என்று ஒருவர் எரிந்து விழுந்தார். வாத்து மூச்சிரைக்க அவனைக் கடந்தார். "என்ன, தசைப்பிடிப்பா? வாங்க, இன்னும் கொஞ்ச தூரம்தான்" என்று சொல்லிவிட்டு, தன் வாயிலிருந்து வந்ததைக் கேட்டுத் தானே தலையில் அடித்துக்கொண்டு போனார்.

"ஓடுண்ணா" என்றாள் அவள்.

"வண்டி போகட்டும்."

"எந்த வண்டியும் இல்லண்ணா. ரோடு காலியா இருக்கு. பாரு."

அவன் பார்த்தான். தலை இடமிருந்து மெதுவாகத் திரும்ப ஆரம்பித்தது. எப்போதும் போல வலது கோடிவரை போகவில்லை. அவள் முகத்துக்கு நேரே வந்து நின்றுவிட்டது.

"முன்சீட்ல இருந்த" என்றான். "பச்சைச் சட்டை. தலைகூட வாரல."

"கண்ணாடியில வெயில் அடிச்சிருக்கும்ணா. ஒண்ணும் தெரிஞ்சிருக்காது."

"வெயில் ஏது பாப்பா." அவன் வலது கையைப் பனியனில் துடைத்தான், நம்பர் மேலேயே துடைத்தான். "தட்டிட்டு நிமிர்றேன், நீ. வாயத் திறந்து என்னமோ கத்துற. நின்னா அது நெஜமாயிடும்னு ஓடினேன்."

கயிறு அவள் கையிலிருந்து நழுவி, சுருள் சுருளாக ரோட்டில் விழுந்தது. ஓடுகிறவர்கள் அதைத் தாண்டிப் போனார்கள்.

"பின்னாடி படுத்திருக்கிறது நம்ம வீட்டு ஆளுன்னு தெரியும். தெரிஞ்சுதான் ஓடினேன். முடியிற வரைக்கும் அதை யோசிச்சுக்கிட்டேதான் ஓடினேன். அம்மாவா, அப்பாவான்னு மட்டும்தான் தெரியல."