காஜா பெராங் குழியின் பத்தாவது அடி

மலாக்காவின் காஜா பெராங்கில், சிவகாமசுந்தரியின் வீட்டுக் கொல்லையில் தோண்டிய குழியில், ஆழம் போகப் போகப் பொருள்கள் புதிதாகிக்கொண்டே வந்தன. 1956 ஏப்ரலில், குளியலறைத் தண்ணீர் வடிய அவள் வாய்க்கால் வெட்டியபோது ஒரு சாண் ஆழத்தில் கற்கோடரி அகப்பட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே தொல்பொருள் சங்கத்தார் வந்து, கயிறு கட்டி அளந்து, தோண்டத் தொடங்கினார்கள். இரண்டடியில் சுல்தான்கள் காலத்துப் பீங்கான் சில்லு, மூன்றடியில் போர்த்துகீசியர் ஆணி, ஐந்தடியில் டச்சுக்காரர் ஓடு. மண் தலைகீழாக இருக்கிறது என்றார் சங்கத் தலைவர் அடைக்கப்பன். ஆட்சேபம் எழாததால் அது குறிப்பேட்டில் ஏறியது. கொல்லைக்குச் சொந்தக்காரி என்ற முறையில், ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்த்த சிவகாமசுந்தரியையும் நாற்பத்து மூன்றாவது உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டார்கள்.

செயலாளர் கலியாணசுந்தரம் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைபவர். நாற்பதை நெருங்கியும் கல்யாணம் ஆகாதவர். மாதாமாதம் சுற்றறிக்கையைத் தட்டச்சு செய்து, படியெடுத்து, எல்லோருக்கும் அனுப்புவது அவர் பொறுப்பு. அதில் இரண்டே தலைப்புகள்: ‘செய்திகள்’, ‘வரவிருக்கும் நிகழ்ச்சிகள்’. தோண்டிக் கிடைத்தவை முதலாவதில் வரும். உஜோங் பாசிர் கடற்கரை நடை, புக்கிட் காத்தில் ஊரில் சொற்பொழிவு போன்றவை இரண்டாவதில் வரும். பானை ஓட்டைப் பைக்குள் போட்டுக்கொண்ட உறுப்பினர் ஒருவரைச் சங்கத்தை விட்டே நீக்கியவர் அவர். அப்படிப்பட்டவர், அளவு சரிபார்க்க வேண்டும் என்று சொல்லிப் புதன்கிழமை மாலைகளிலும் காஜா பெராங்குக்கு வந்துபோனார். அளவு எப்போதும் சரியாகவே இருந்தது. சிவகாமசுந்தரி இஞ்சி தட்டிப் போட்டுத் தேநீர் கொடுப்பாள்.

ஏழாவது அடியில் ஜப்பான்காரன் காலம் வந்தது. ‘க.மூ.’ என்று ஆணியால் கீறிய தகரக் குவளை ஒன்று வெளிப்பட்டதும் சிவகாமசுந்தரி மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். 1943இல் சயாம் ரயில்பாதை வேலைக்குப் பிடித்துக்கொண்டு போன அவள் புருஷன் கணேசமூர்த்தியின் குவளை அது. திரும்பி வந்தவர்களில் ஒருவர் அவரைக் காய்ச்சலோடு பார்த்ததாகச் சொன்னார். இறந்ததைப் பார்த்ததாக யாரும் சொல்லவில்லை. அதனால் அவள் பொட்டை அழிக்கவில்லை. அதற்குக் கீழே எட்டடி வரை கிடைத்ததெல்லாம் அவளுடைய சாமான்கள்தாம்: பல் போன சீப்பு, தைல பாட்டில், உடைந்த வளையல். ஆண்கள் பொருள் ஒன்றுகூட இல்லை.

1957 மார்ச்சில், ஒன்பதாவது அடியில், ஆகஸ்டு 31 சுதந்திர விழா என்று அச்சிட்ட காகிதக் கொடி, மழையில் நனைந்து சாயம் போன நிலையில் கிடைத்தது. விழாவுக்கு இன்னும் ஐந்து மாதம் இருந்தது.

“அப்ப சுதந்திரம் உறுதிதான் லா,” என்றார் அடைக்கப்பன்.

கலியாணசுந்தரம் இரண்டு நாள் யோசித்து, அந்தக் கொடியை ‘வரவிருக்கும் நிகழ்ச்சிகள்’ தலைப்பில் சேர்த்தார். உறுப்பினர்களுக்கும் அதுவே முறையாகப் பட்டது. இனிக் கீழே இருப்பது இந்தக் கொல்லையில் நடக்கப்போவது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. இதற்குமேல் தோண்ட வேண்டுமா என்று சிலர் தயங்கினார்கள்.

“தோண்டுங்க சார்,” என்றாள் சிவகாமசுந்தரி. “அவரு வர்றாரா இல்லையா, அது தெரிஞ்சா போதும். பதினாலு வருசம் ஆச்சு.”

ஜூன் மாத ஞாயிறு ஒன்றின் காலையில் கலியாணசுந்தரம் ஏணியில் இறங்கினார். குழிக்குள் ஒருவர்தான் நிற்க முடியும். பத்தாவது அடியில் கொத்துக்கரண்டி தோலில் இடித்தது. மண்ணைத் தள்ளிப் பார்த்தார். ஆண் செருப்பு, வலது கால். நன்றாகத் தேய்ந்திருந்தது. அடியில் ஓர் அங்குலக் கனத்துக்குக் கூடுதலாக ரப்பர் வைத்துத் தைத்திருந்தது. மலாக்காவில் அப்படிச் செருப்பு போடுகிற ஆள் ஒருவர்தான். பிறவியிலேயே வலது கால் ஓர் அங்குலம் குட்டையான அந்த ஆள், அப்போது பத்தடி ஆழத்தில் வியர்த்துப்போய் நின்றுகொண்டிருந்தார்.

“ஏதாச்சும் வந்திச்சா சார்?” என்று மேலிருந்து சிவகாமசுந்தரியின் குரல் கேட்டது.

“பாத்துக்கிட்டிருக்கேன்,” என்றார்.

செருப்பைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு ஏறி வந்தார். சங்கத்திலிருந்து தான் நீக்கிய மனிதரின் முகம் வழியெல்லாம் கண்முன் நின்றது. சொன்னால், ஒருத்தியின் காத்திருப்பைக் கலைத்து அங்கே தனக்கு இடம் கேட்பதாகும். சொல்லாவிட்டால் அவள் இன்னும் பதினாலு வருஷம் காத்திருப்பாள். மூன்று முறை தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, நான்காவது முறை அளவு உட்பட உள்ளதை உள்ளபடி தட்டச்சு செய்தார். எந்தத் தலைப்பு என்பதில் மட்டும் விரல் நின்றது. பிறகு ‘வரவிருக்கும் நிகழ்ச்சிகள்’ என்பதன் கீழே அடித்தார்.

புதன்கிழமை மாலை அவர் போனபோது, அவள் மண்மேட்டில் சுற்றறிக்கையோடு உட்கார்ந்திருந்தாள். அழுது ஓய்ந்த முகம்.

“அவரோடது ஒண்ணும் இல்லையா?”

“குவளைக்கு அப்புறம் ஒண்ணும் இல்லீங்க.”

“நல்லாத் தேடுனீங்களா?”

“சல்லடை போட்டுச் சலிச்சேன்.”

அவள் சுற்றறிக்கையை நாலாக மடித்தாள். பக்கத்து வீட்டில் யாரோ வாளியை இழுத்துப் போனார்கள். இந்தக் குழியைத் தோண்டாமலே இருந்திருக்கலாம் என்று அவர் நினைத்தார்.

“அவருக்குக் கோயில்ல செய்ய வேண்டியதச் செய்யணும்,” என்றாள் அவள். “கூட வருவீங்களா?”

“வர்றேன்.”

“செருப்பு எங்க?”

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அவள் அதைத் தொட்டித் தண்ணீரில் கழுவினாள், தேய்ந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள், வாசலில் தன் செருப்புக்குப் பக்கத்தில் காய வைத்தாள். “இதுக்குக் கீழ ஒண்ணும் பாக்க வேணாம் சார். மூடிடுங்க,” என்றாள்.

அடுத்த மாதக் கூட்டத்தில், செருப்பு சங்கத்தின் உடைமை, கண்ணாடிப் பெட்டிக்கு வர வேண்டும் என்றார் அடைக்கப்பன். இன்னும் வாங்காத செருப்புக்குச் சங்கம் எப்படி உரிமை கொண்டாடலாம் என்று ஓர் உறுப்பினர் கேட்டார். அரை மணி நேர விவாதத்துக்குப் பிறகு, கண்டெடுத்த பொருள் கண்டெடுத்த வீட்டிலேயே இருக்கலாம், உரியவர் வந்து சேரும்வரை சிவகாமசுந்தரி பார்த்துக்கொள்வார் என்று தீர்மானம் நிறைவேறியது. எல்லோரும் கை தூக்கினார்கள். கலியாணசுந்தரம் மட்டும் தூக்கவில்லை. தலை நிமிராமல் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.