தரை காய நான்கு பேர்

கட்டட வேலைக்கு அட்டவணை போட்டுக்கொண்டிருந்த அவள் தோளுக்கு மேலாக மேனேஜர் கையை நீட்டி மவுஸை வாங்கிக்கொண்டார். திரையில் 'சிமென்ட் தளம் காய்தல்' என்ற வேலை பன்னிரண்டு நாள் நீளத்துக்கு நீலக் கோடாகக் கிடந்தது. எதிரே ஒரே ஆள், மேற்பார்வைக்கு. 'நாள் மாறாது' என்று அவள் வகை குறித்திருந்ததை அவர் 'உழைப்பு மாறாது' என்றாக்கி, ஆள் கூடினால் நாள் குறையும் என்ற கட்டத்தில் டிக் போட்டு, மேலும் மூன்று பேரைச் சேர்த்தார். கோடு மூன்று நாளாகச் சுருங்கியது.

"பாத்தியாம்மா? இவ்ளோதான் விஷயம்."

"சுவர் கட்டுறதுன்னா சரி சார். இது காயுற வேலை. நாலு பேர் நின்னா ஈரம் பயந்து ஓடிடுமா?"

"சாஃப்ட்வேரே ஒத்துக்குது, உனக்கென்ன?"

சிரித்துக்கொண்டே அட்டவணையைக் கட்டட உரிமையாளருக்கு அனுப்பிவிட்டுப் போனார். ஆள், நாள், உழைப்பு என்ற மூன்றில் ஒன்றைப் பிடித்து நிறுத்தினால் மற்றவை அதற்கேற்ப விலகிக்கொடுக்கும். அந்த மென்பொருளில் அவளுக்குப் பிடித்ததே அதுதான். வீட்டில் எது நின்றாலும் விலகிக்கொடுப்பவள் அவளாகவே இருந்தாள். இங்கே மட்டும் ஒரு சின்னக் கட்டம் அவள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தது.

நான்காம் நாள் காலை, எல்லோரும் 'மீசை' என்று கூப்பிடுகிறவர் போன் செய்தார். தளத்தின் மேல் ரப்பர் விரிப்பு ஒட்டுகிறவர். போன கட்டடத்தில் ஈரத்தின் மேல் ஒட்டி, விரிப்பு கொப்புளம் கொப்புளமாக எழும்ப, சொந்தச் செலவில் பிரித்து ஒட்டினார். அதற்குப் பிறகு அவர் மீசையை முறுக்கி யாரும் பார்க்கவில்லை.

"தங்கச்சி, இன்னிக்குன்னு தேதி வந்திருக்கு. நிஜமாவே காஞ்சிடுச்சா? நீ சொன்னா வரேன்."

"பாத்துட்டு சொல்றேண்ணே."

மேனேஜரிடம் போய் மீசை கேட்டதைச் சொன்னாள். "அவர் வரலேன்னா வேற ஆள் இருக்காங்கன்னு சொல்லிடு" என்றார், தலை நிமிராமல்.

கீழே, தளம் போட்டிருந்த அறையில் நான்கு பேரும் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவளைக் கண்டதும் எழுந்தார்கள்.

"காய வைக்கச் சொல்லி அனுப்பிருக்காங்க மேடம். என்ன செய்யணும்னுதான் யாரும் சொல்லல" என்றார் ஒருவர்.

"நான் மூணு நாளா ஊதிட்டு இருக்கேன், பாவம், மூச்சு வாங்குது" என்றார் இன்னொருவர். மற்றவர்கள் சிரித்தார்கள். அவளுக்கும் சிரிப்பு வந்தது.

மூலையில் ஈரம் இருக்கிறதா என்று பார்க்கத் தளத்தின் மேல் அவள் ஒட்டிவைத்திருந்த பிளாஸ்டிக் தாளுக்கு முன்னால் மண்டியிட்டாள். தாளின் அடியில் முழுக்கப் பனித்திருந்தது. வா என்றால் மீசைக்கு நஷ்டம். வராதே என்றால் இந்த வேலையே அவர் கையைவிட்டுப் போய்விடும். எந்தப் பதிலும் அவரைப் போய்த்தான் அடிக்கும். ஆனால் அவர் கேட்பது அவளிடம்.

கையில் போன் அதிர்ந்தது. மீசைதான்.

"என்னம்மா, கிளம்பவா? வண்டில எல்லாம் ஏத்திட்டேன்."

அவள் வாயைத் திறந்தாள். பின்னால் நால்வரில் ஒருவர் ஒரு அட்டையை எடுத்துத் தளத்துக்கு விசிறத் தொடங்கினார், விளையாட்டில்லாமல், நிதானமாக. தாளின் அடியில் இரண்டு நீர்த்துளிகள் ஒன்றையொன்று தொட்டு, ஒன்றாகி, மெல்ல நகர்ந்தன.